குடுவைச் செடிக்குப் பனி வேண்டும்

"உனக்கு ஒரு செடி உயிரோட இருந்தாலும் ஆகாது, ஒரு பொண்ணு வீட்டோட இருந்தாலும் ஆகாது" என்றார் என் கணவர் லூர்து. கோணிச்சாக்கின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை என் கையில். நடுவில் அந்தச் செடி, எவர் பக்கம் சாய்வது என்று தீர்மானிக்காத சாட்சி மாதிரி, வாய்களையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டு கிடந்தது.

"ஆமா, ஆகாது. ரெண்டையும் சாக்குப் போட்டு மூடி வெக்கிற மனுஷனைக் கண்டாலும் ஆகாது. விடுங்க."

"பனி கொட்டப் போகுதுடி."

"கொட்டட்டும்."

ஒரு சாக்குக்காக எங்கள் லைன் வீடுகளே வேடிக்கை பார்க்க இழுத்துக்கொண்டு நிற்கிற பெண்பிள்ளை இல்லை நான். கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள், குரலை உயர்த்தாமலே குத்தத் தெரிந்தவள். ஆனால் அந்தச் சாக்குக்குக் கீழே என் மகளின் பயணம் கிடந்தது. பக்கத்து வீட்டு தேவசகாயம் அங்கிளின் சாவும் கிடந்தது.

செடி மழைக்காலத்தில் கூரியரில் வந்தது. பாங்கில் காஷியராக இருந்து ரிட்டையரான நாளிலிருந்து போனும் கையுமாக உட்கார்ந்திருந்த லூர்து, கொடைக்கானல் பக்கம் இந்த மாதிரி வினோதங்களை வீட்டிலேயே வளர்த்து விற்கிற ஒரு பெண்ணிடம் சொல்லி வரவழைத்தார். சதுப்பு நிலத்துச் செடி, குளிர் தாங்கும், பூச்சி தின்னும், உரமே வேண்டாம் என்றார். தண்டு கிடையாது, கிளை கிடையாது. தொட்டி நிறைய வயிறு பெருத்த கூஜாக்கள் மாதிரி குட்டைக் குட்டையாக இலைகள், எல்லாம் வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு, உதட்டோரம் சிவப்பு நரம்பு ஓடி, உள்ளே பாதிக்கு மழைத்தண்ணீரோடு. ஈ ஒன்று உதட்டில் வந்து உட்காரும், இனிப்பை நக்கும், இன்னும் கொஞ்சம் என்று உள்ளே இறங்கும். உள்ளே மயிர்களெல்லாம் கீழ்நோக்கிச் சீவியிருக்கும், இறங்கத் தோதாக, ஏற விடாமல். கல்யாணம் மாதிரி என்று நான் சொன்னதற்கு அவர் சிரிக்கவில்லை. குழாய்த் தண்ணீர் பட்டால் செத்துவிடுமாம், அதற்கென்று பால் கேனில் மழைத்தண்ணீர் பிடித்து வைத்தார். தலைக்கு ஊற்ற ஒரு சொம்பு கேட்டேன், கொடுக்கவில்லை.

எங்கள் வில்லோ லைன் வீடுகள் ஊட்டி மலைச்சரிவில் ஒன்றின் தலையில் ஒன்று உட்கார்ந்த மாதிரி கட்டியவை. ரோட்டுக்கு இறங்க, கடைசிக் கீழ்வீட்டைத் தவிர எல்லா வீட்டுக்கும் ஒரே படிக்கட்டுதான், அந்தப் படிக்கட்டின் தலைமாட்டில் எங்கள் கைப்பிடிச் சுவர், அந்தச் சுவர்மேல்தான் நல்ல வெயில், ஆகவே தொட்டி அங்கே போய் உட்கார்ந்தது, ஆகவே லைனை விட்டு யார் எங்கே போவதென்றாலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

முதலில் மாட்டியவன் என் கொழுந்தன் பிலிப்பு. கோயம்புத்தூரிலிருந்து கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவன், மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு "வரேன் அண்ணி" என்று சுவரைத் தாண்டினான். செடியின் ஒரு குடுவையில் சின்னதாக ஒரு குமிழி வந்து உடைந்தது. பிலிப்பு பாதிப் படிக்கட்டில் நின்றான், தலையைச் சொறிந்தான், ஏறி வந்து பையை மூலையில் வைத்துவிட்டு "அண்ணி, காபி இருக்கா?" என்றான். அடுத்த நாளும் அதே பை, அதே "வரேன் அண்ணி", அதே குமிழி, அதே காபி. "செடி உன் பயணத்தைத் தின்னுடுச்சுடா" என்று லூர்து அவனிடம் சொன்னார், ஏதோ நாய் உன் செருப்பைக் கவ்விக்கொண்டு போய்விட்டது என்கிற குரலில். "அப்படியா?" என்றான் பிலிப்பு, இன்னொரு வர்க்கி பிஸ்கட்டைக் காபியில் தோய்த்தபடி.

அதற்கும் ருசி உண்டு. மார்க்கெட்டுக்குப் போய் கேரட் வாங்கி வருகிற போக்கை அது மோந்துகூடப் பார்க்காது, சர்ச்சுக்குப் போவதையும் ரேஷன் கடைக்குப் போவதையும் தொடாது. போனால் போனதுதான் என்கிற போக்குதான் அதற்கு வேண்டும். அது தெரிந்துபோன பிறகு எங்கள் லைனில் யாரும் ஆச்சரியப்பட்டு நேரத்தை வீணாக்கவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறேன் என்று நின்ற பிள்ளைகளை அம்மாக்கள் "அந்தச் செடியை ஒரு தடவை பாத்துட்டுப் போடா கண்ணு" என்று தேன் ஒழுகச் சொல்லி அனுப்பினார்கள், பிள்ளைகள் இறங்கின வேகத்தில் ஏறி வந்து சட்டையைக் கழற்றிவிட்டுச் சோறு கேட்டார்கள். கீழ்வீட்டில் ஹோம்ஸ்டே நடத்துகிற போஜன், ஊருக்குத் திரும்பக் கிளம்புகிற டூரிஸ்டுகளைக் கீழ்வாசல் வழியாக விடாமல் "மேல வந்து வியூ பாத்துட்டுப் போங்க சார்" என்று கூட்டி வந்தார். சென்னைக் குடும்பம் ஒன்று இரண்டு நாளைக்கென்று வந்து, இரண்டு வாரம் இருந்து, அப்புறம் விருந்தாளி என்கிற நினைப்பே இரண்டு பக்கத்திலும் தேய்ந்து, அந்த அம்மாள் குழாயடியில் குடத்தை முன்னால் வைத்து என்னோடு சண்டை போடுகிற அளவுக்கு எங்களில் ஒருத்தியானாள். பங்குச் சாமியாருக்கு மாற்றல் வந்தது, வீடு மந்திரிக்க வந்தவர் சுவரைத் தாண்டியதும் மாற்றலை மறந்தார். அவர் இடத்துக்கு வந்த புதுச் சாமியாரும், பழையவர் ஏன் போகவில்லை என்று விசாரிக்க வந்து, தானும் திரும்பிப் போவதை மறந்தார். ஞாயிற்றுக்கிழமை ஒரே பீடத்தில் இரண்டு பூசை, இரண்டு பிரசங்கம், காணிக்கைத் தட்டு மட்டும் ஒன்று.

ஆனால் பயணம் போய்விட்டாலும் கால் போகவில்லை. அதை யாரும் யோசிக்கவில்லை. தின்னப்பட்டவர்களின் கால்கள் நிற்க மறுத்தன. பிலிப்பு எங்கள் ஹாலின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடந்தான், நடந்தபடியே பேப்பர் படித்தான், நடந்தபடியே தட்டை ஏந்தித் தின்றான். திருப்பூர்ப் பிள்ளைகள் அவரவர் வீட்டுக்குள் அடுப்படிக்கும் வாசலுக்குமாக அலைந்தார்கள், அம்மாக்கள் அவர்கள் பின்னாலேயே சோற்றை உருண்டையாக உருட்டிக்கொண்டு ஓடினார்கள். சாமியார்கள் இருவரும் எதிரும் புதிருமாக நடந்துகொண்டே பிரசங்கம் வைக்க, கேட்கிறவர்கள் டென்னிஸ் பார்க்கிறவர்கள் மாதிரி தலையைத் திருப்பினார்கள். மரப்பலகைத் தரைகள் இராப்பகலாகக் கிறீச்சிட்டன. செருப்புகள் வாரத்தில் தேய்ந்தன, மணிக்கூண்டுப் பக்கம் செருப்புத் தைக்கிறவர் எங்கள் லைனுக்கென்றே ஒரு நாள் ஒதுக்கி ஏறி வந்தார், எங்களூரிலேயே வீடு உள்ளவர் என்பதால் செடி அவரைத் தொடவில்லை. சும்மா இருந்த எனக்கே கால் குறுகுறுக்க ஆரம்பித்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஒரு நிமிஷம் உட்கார்ந்தால் ஏதோ தப்பு செய்கிற மாதிரி இருந்தது.

அப்போதும் நான் பொறுத்தேன். என் மகள் ஜெனிட்டாவுக்கு அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை வருகிற வரை பொறுத்தேன்.

அந்தப் பெண் அதற்காகப் பரீட்சை எழுதி, தோற்று, மறுபடி எழுதி, ராத்திரி டியூட்டி பார்த்துவிட்டு வந்து பகலில் இங்கிலீஷ் பேசிப் பழகி, கண்ணுக்குக் கீழே கருவளையம் வாங்கிக்கொண்டவள். கிளம்புகிற அன்று அவளை வீட்டுக்குப் பின்னால் கொல்லை வழியாக இறக்கிவிடலாம் என்று நான் சொன்னேன். "கொல்லைல வழுக்கும்" என்றார் லூர்து, பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார், நேராகப் படிக்கட்டுக்கு. அவள் சுவரைத் தாண்டினாள். பெரிய குடுவையில் ஒரு குமிழி, ஒரு எலுமிச்சங்காய் அளவுக்கு, வந்து உடைந்தது. டாக்ஸிக்காரர் கதவைத் திறந்து பிடித்திருக்க, ஜெனிட்டா திரும்பி ஏறி வந்தாள். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை.

"அம்மா, உருளைக்கிழங்கு ஏதாவது வாங்கணுமா?" என்றாள்.

லூர்து பெட்டியை உள்ளே கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். தள்ளும்போது அந்த மனுஷன் சீட்டியடித்தார். பிறகு கொல்லை வழியாகக் கூட்டிப்போய்ப் பார்த்தேன், வழுக்கத்தான் செய்தது, ஆனால் பிரயோஜனமில்லை. தின்றது தின்றதுதான், வழி மாற்றினால் வயிற்றிலிருப்பது வராது. ஆஸ்பத்திரிக்காரர்கள் பெரிய மனசு பண்ணி ஜனவரிக் கடைசி வரைக்கும் தேதி தள்ளிக் கொடுத்தார்கள், அதற்கு மேல் இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். என் பெண் ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தாள்.

இதற்கு நடுவில்தான் தேவசகாயம் அங்கிள் விஷயம். அவர் எஸ்டேட் ஃபாக்டரியில் டீமேக்கராக இருந்தவர், ஸ்டெல்லாவின் அப்பா. ஸ்டெல்லாவும் நானும் கான்வென்ட்டில் ஒரே பெஞ்சு. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அப்பாவைப் பார்த்துக்கொண்டாள், ஸ்வெட்டர் பின்னினாள், எனக்கு மட்டும் பயந்தாள். நவம்பரில் அங்கிளுக்கு நெஞ்சு கட்டி, சாமியார்கள் இருவரும் போட்டி போட்டுக்கொண்டு வந்து சாகிறவர்களுக்கான அவஸ்தைப் பூசுதலைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு, மூச்சு இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில், ஸ்டெல்லா ஓடி வந்து எங்கள் சுவரிலிருந்து தொட்டியைத் தூக்கினாள். என் உயரத்தில் பாதிதான் இருப்பாள், அவ்வளவு ஈரமண் கனத்தை எப்படித் தூக்கினாளோ. கொண்டுபோய்க் கட்டில் தலைமாட்டில் வைத்தாள். குமிழி வந்தது. அங்கிள் கண்ணைத் திறந்தார்.

லைனே புதுமை, அற்புதம் என்றது. மெழுகுவத்தி ஏற்றினார்கள், தொட்டியைச் சுவரில் திரும்ப வைத்தார்கள். நான் அடுத்த வாரம் கஞ்சி கொண்டுபோனபோது அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். கஞ்சி இறங்கவில்லை, தூக்கம் இல்லை, நாலு அடிக்கு ஒரு தரம் சுவரைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டார், ஆனால் கால் அவரை நிற்க விடவில்லை.

"நேரமாச்சா?" என்று கேட்டார்.

"எதுக்கு அங்கிள்?"

"அதான் தெரியல. எதுக்கோ கிளம்பினேன்." பிறகு, ஸ்டெல்லா அடுப்படியில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, "பெர்னி, இந்த லைன்லயே உனக்குத்தான் வாய் பெருசு. யார்கிட்டயாவது சொல்லேன். கால் வலிக்குதும்மா" என்றார்.

என் பெயர் பெர்னதத். என் வாய் பெரிசு என்று வைதவர்கள் உண்டு, அதைக் கடனாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

டிசம்பர் வந்தது, புல்லில் உறைபனி உப்பாகப் படிய ஆரம்பித்தது. செடியின் இலை நுனிகள் சிவந்தன, புதுக் குடுவை விடுவது நின்றது, வாய்கள் சோம்பலாகக் கவிழ்ந்தன. ஊட்டிக்காரர்களுக்குப் பனி என்றால் ஒரே ஒரு வேலைதான் தெரியும். மிலார்ச் செடியை வெட்டி வந்து பூச்செடிகளைச் சுற்றிக் குடையாக நட்டு, மேலே சாக்கைப் போர்த்தி, கருகாமல் காப்பாற்றுவது. ரோஜாவுக்கும் டேலியாவுக்கும் பழகின கை இதற்கும் அதையே செய்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் வயிற்றில் ஏதோ ஒன்று இருந்ததே, ஆகவே ஒவ்வொரு வீடும் ஒரு கட்டு மிலார் கொண்டு வந்தது, திருப்பூர்ப் பிள்ளைகளின் அம்மாக்கள் கம்பளி கொடுத்தார்கள், போஜன் தன் வீட்டிலிருந்து ஒயர் இழுத்து குண்டு பல்பு ஒன்று தொங்கவிட்டார், சாக்கைப் போர்த்துகிற வேலை மட்டும் லூர்துவினுடையது, வேறு யாரும் தொடக்கூடாது. குழந்தைக்குப் போர்த்துவது மாதிரி நாலு பக்கமும் செருகுவார். கதகதப்பில் செடி கண்ணை விழித்துக்கொண்டது. விழித்ததோடு பசியும் கூடியது. மார்க்கெட்டுக்குப் போனவர்கள்கூட பாதி வழியில் எதற்கு வந்தோம் என்று நின்றார்கள்.

ஜனவரி பிறந்ததும் நான் கொடைக்கானல் பெண்ணுக்குப் போன் போட்டேன்.

"பல்பா?" என்று அலறினாள் அவள். "ஐயோ அக்கா, அதை எடுங்க முதல்ல. அது குளிர்ல தூங்குற செடி. அதுக்குப் பனி படணும், குடுவைக்குள்ள தண்ணி ஐஸ்கட்டியாகணும், மூணு மாசம் செத்த மாதிரி கிடக்கும், அதை அப்படியே விடணும். தூங்க விடாம தின்னுக்கிட்டே இருந்தா என்னத்துக்குக்கா ஆகும்? நீங்களே ரெண்டு நாள் தூங்காம இருந்து பாருங்க."

"தூங்கிடுச்சுன்னா வயித்துல இருக்கறது என்னம்மா ஆகும்?"

"தூங்கறப்ப செரிக்காதுக்கா. செரிக்காதது மேல மிதந்துரும். பூச்சிதானே, விடுங்க."

போனை வைத்துவிட்டு நேரே ஸ்டெல்லா வீட்டுக்குப் போனேன். யார் முதுகுக்குப் பின்னாலும் காரியம் செய்து எனக்குப் பழக்கமில்லை. சொன்னேன். பின்னிக்கொண்டிருந்த ஊசியை அவள் நிறுத்தவில்லை.

"ஜெனிட்டா தேதி என்னைக்கு?" என்றாள்.

"இந்த மாசக் கடைசி."

"உன் பொண்ணு பிளேன் ஏறணும், அதுக்கு எங்கப்பா சாகணும். அதானே?"

எப்போதும் எனக்குப் பயப்படுகிறவள். அங்கிளே கேட்டார் என்று சொல்லலாம், கால் வலிக்கிறது என்றார் என்று சொல்லலாம், ரெண்டும் நிஜம். ஆனால் அவள் கேட்டதும் நிஜம். உள்ளறையில் அங்கிளின் காலடி கட்டிலிலிருந்து ஜன்னலுக்குப் போயிற்று, ஜன்னலிலிருந்து கட்டிலுக்கு வந்தது.

"அந்தச் சத்தம் உனக்குக் கேக்கலையாடி?" என்றேன்.

"கேக்குது. அது கேக்கறதாலதான் எனக்குத் தூக்கமே வருது" என்றாள் ஸ்டெல்லா. "அது இல்லாத வீட்டுல நான் இருந்ததே இல்லை பெர்னி."

இரண்டு நாள் நானும் நடந்தேன், செடி எதையும் தின்றிராத என் காலோடு. மூன்றாம் நாள் மேகம் ஒரு துணுக்குக்கூட இல்லாமல் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அப்படி இருந்தால் மறுநாள் காலை பனி கொட்டும் என்று ஊட்டியில் ஆட்டுக்குக்கூடத் தெரியும். வெயில் சாய்கிற நேரத்தில் போய் பல்பைப் பிடுங்கினேன், மிலாரைப் பிடுங்கினேன், கம்பளியை எடுத்து போஜன் வீட்டுப் பக்கம் எறிந்தேன், சாக்கில் கை வைத்தபோதுதான் லூர்து ஓடி வந்து மறுமுனையைப் பிடித்தார்.

"அவ போயிட்டா நாம ரெண்டு பேரும் என்னத்தைடி பேசிக்குவோம்?" என்றார் கடைசியில். செடியைப் பற்றிய வாதமெல்லாம் தீர்ந்துபோய் அடியில் கிடந்தது அதுதான் போலிருக்கிறது.

"சண்டை போடுவோம். விடுங்க."

அவர் விட்டார். விட்டவர் உள்ளே போகவில்லை. சாக்கை மடித்து மார்போடு அணைத்துக்கொண்டு, நான் வந்து இழுத்துப் போகும் வரை அங்கேயே நின்றார்.

காலையில் ஊர் முழுக்க வெள்ளை. புல், ஓட்டுக்கூரை, கார் கண்ணாடி, காயப்போட்ட துணி, எல்லாம் மொடமொடவென்று. செடி கருஞ்சிவப்பாகி மண்ணோடு படுத்திருந்தது. ஒவ்வொரு குடுவையிலும் தண்ணீர் வட்டக் கண்ணாடியாக உறைந்திருக்க, அதற்கு அடியில் சின்னதும் பெரிதுமாகக் குமிழிகள் முட்டிக்கொண்டு நின்றன. வெயில் சுவரைத் தொட்டது. ஐஸ் ஒவ்வொன்றாகக் கீறல் விட்டது, நுனிப் பல்லில் கல்கண்டைக் கடிக்கிற சத்தத்தோடு.

பிலிப்பு காபியைக் கீழே வைத்துவிட்டுப் பையை எடுத்தான், "வரேன் அண்ணி" என்று சொல்லக்கூட இல்லை. திருப்பூர்ப் பிள்ளைகள் பனியனோடு இறங்கினார்கள், அம்மாக்கள் சட்டையைத் தூக்கிக்கொண்டு பாதிப் படிக்கட்டு வரை ஓடி நின்றார்கள். சென்னைக் குடும்பம் குடத்தைக் குழாயடியிலேயே விட்டுவிட்டுப் போனது. சாமியார்கள் இருவரும் ஆளுக்கொரு திசையில் போனார்கள். போஜன் தன் வாசலில் நின்று எல்லோருக்கும் கைகூப்பிக்கொண்டிருந்தார், இனி எந்த அறைக்கும் சோறு போட வேண்டாம் என்கிற நிம்மதியோ துக்கமோ தெரியவில்லை. கீழே பஸ் ஸ்டாண்டில் மேட்டுப்பாளையம், மேட்டுப்பாளையம் என்று கத்தி ஓய்ந்திருந்த கண்டக்டர்கள் இப்போது ஏறாதீங்க, ஏறாதீங்க என்று கத்துவது மேலே எங்களுக்குக் கேட்டது.

ஜெனிட்டா பெட்டியை அவளே கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தாள். ஜடை பாதிதான் பின்னியிருந்தது. என்னை ஒரு தரம் பார்த்தாள், அந்த முகம் நான் பெற்ற முகம், வருத்தம் சந்தோஷம் எல்லாம் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது. லூர்து கையை நீட்டினார், பெட்டியைத் தூக்குவதற்கு. இந்தத் தடவை டாக்ஸி வரைக்கும் நிஜமாகவே தூக்கிக்கொண்டு போனார். நான் மேலேயே நின்றேன். டாக்ஸி வளைவில் மறைந்த பிறகும் நின்றேன்.

அப்புறம்தான் அமைதி காதில் விழுந்தது. மாதக்கணக்காக இராப்பகலாகக் கிறீச்சிட்ட பலகைகள், எங்கள் ஹாலில், மேல்வீட்டில், கீழ்வீட்டில், எல்லாம் அடங்கியிருந்தன. ஸ்டெல்லா வீட்டு உள்ளறையும் அடங்கியிருந்தது.

அங்கிளைத் தூக்குவதற்கு லைனில் ஆண்கள் இல்லை. லூர்து, போஜன், அப்புறம் அன்று ஏறி வந்திருந்த செருப்புத் தைக்கிறவர், இவ்வளவுதான் மிச்சம். ஜெபம் சொல்லச் சாமியாரும் இல்லை. அவரவர் வீட்டு வாசலில் நின்ற அம்மாக்கள் என்னைப் பார்க்காமல் கோலப்புள்ளியை எண்ணுகிறவர்கள் மாதிரி தரையைப் பார்த்தார்கள். நான் தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு ஸ்டெல்லா வீட்டுக்குப் போனேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன். ஜன்னல் திரைக்குப் பின்னால் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நிழலாகத் தெரிந்தது, ஊசி ஓடவில்லை.

"ஸ்டெல்லா, நான்தான்" என்றேன். "ஆள் வரச் சொல்லணும், டவுன் சர்ச்சுல சொல்லணும், எல்லாம் நான் பாத்துக்கறேன். நீ ஒண்ணும் செய்ய வேண்டாம்."

கதவுப் பலகை பனியில் நனைந்து சில்லென்று இருந்தது, அதில் நெற்றியை வைத்தேன்.

"கதவைக்கூடத் திறக்க வேண்டாம். அங்கிருந்தே, நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி ஒரே ஒரு வார்த்தை என்னைத் திட்டுடி."